பதினோராம் இலக்க அச்சம்

2006 பெப்ரவரி நான்காம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு செலீன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தொடங்குங்கோ" என்றாள்.

மொன்றியலில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். வயது பதினைந்து, பதினாறு. மற்றச் சனிக்கிழமைகளில் இங்கே அவர்கள் தமிழ் படிப்பார்கள். அதாவது, தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் இங்கே இருப்பார்கள்.

செலீன் இதே பங்கில் வளர்ந்தவள். இருபத்துமூன்று வயது. டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். எதிர்காலத்துக்குப் பயப்படும் பிள்ளைகள் அந்தப் பயத்தை எழுதினால் பயம் குறையும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். இறுதியாண்டு ஆய்வுக்கு அப்படிப் பயந்த பிள்ளைகள் அவளுக்குத் தேவைப்பட்டார்கள். பங்கில் அவர்களுக்குக் குறைவில்லை.

விதிகளைக் கரும்பலகையில் எழுதியிருந்தாள். இருபது நிமிடம் பேனையை நிறுத்தக் கூடாது. பிழை பார்க்க வேண்டாம். எந்த மொழியிலும் எழுதலாம். பெயர் வேண்டாம், இலக்கம் போதும். கடைசி விதியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்: ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

டினோஜன் கையை உயர்த்தினான். "அக்கா, பயம் ஒண்டும் இல்லாட்டி?"

"மனசிலை என்ன வருதோ அதை எழுது."

சமையலறையில் தாய்மார் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மணம் மண்டபத்துக்கு வந்தது. டினோஜன் எழுதத் தொடங்கினான்.

பிரியந்திக்குப் பதினோராம் இலக்கம். பள்ளியில் கடைசி வருடம். மார்ச் முதலாம் திகதிக்குள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. எந்தப் பாடநெறி என்ற கட்டத்துக்குள் தாய் றெஜினா பென்சிலால் எழுதியிருந்தாள்: சுகாதார விஞ்ஞானம். டொக்டராவதற்கு அதுதான் வாசல். அதன் மேல் பிரியந்தி பேனையால் எழுத வேண்டியது மட்டும்தான் மிச்சம். மூன்று கிழமையாக எழுதவில்லை.

இன்று பேனை நிற்கவில்லை. பிரெஞ்சில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

எழுதுவதற்கு முன்னும் பின்னும் செலீன் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். பதற்றத்துக்கு நாற்பது புள்ளி. முன்னர் சராசரி இருபத்தாறு. பின்னர் இருபத்திரண்டு. விஞ்ஞானம் வேலை செய்தது. மத்தியானம் வரை வேலை செய்தது.

மத்தியானம் அருமைநாதன் வந்தார்.

அருமைநாதன் தமிழ்ப் பள்ளிக் குழுவின் தலைவர். பதினான்கு வருடமாகத் தலைவர். வேறு ஒருவரும் அந்தப் பதவியைக் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்களை அவர் பொருளாளர் ஆக்கிவிடுவார். அவருடைய காலத்தில் பங்கில் பிள்ளைகள் செய்த எதுவும் போட்டியாகாமல் தப்பியதில்லை. போன வருடம் கோவில் வளவில் சின்னப் பிள்ளைகள் பனிமனிதன் செய்தபோது மூன்று நடுவர்கள் குளிரில் நின்று புள்ளியிட்டார்கள். வெற்றிக் கிண்ணங்கள் எந்நேரமும் அவருடைய காரின் பின்பெட்டியில் இருக்கும்.

"எத்தினை பேர் எழுதினது, பிள்ளை?"

"பதினேழு பேர், அங்கிள்."

"நல்லது. ஆர் திருத்திறது?"

"திருத்திறேல்லை, அங்கிள். ஒருத்தரும் வாசிக்கிறதே இல்லை."

அருமைநாதன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினார்.

"வாசிக்காட்டி முதலாம் இடம் எப்பிடித் தெரியும்?"

"முதலாம் இடம் இல்லை."

"சரி, இரண்டாம் இடம்?"

"அங்கிள், இது போட்டி இல்லை. மனசுக்குள்ளை இருக்கிற பயத்தை வெளியிலை விடுறதுக்கு."

"வெளியிலை விடுறதெண்டால் நாலு பேர் பாக்கத்தானே வேணும்? ஆரும் பாக்காட்டி அது உள்ளுக்கைதான் கிடக்குது." அவர் தன் வாதத்தில் தானே மகிழ்ந்தார். "பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதையும். பரிசு இல்லாட்டி தாய்தகப்பன் பிள்ளையளை அனுப்பாதுகள். வாற சனிக்கிழமை உமக்கு மண்டபம் இருக்கும். மண்டபத்துக்குள்ளை கதிரையள்தான் இருக்கும்."

ஆய்வுக்கு மூன்று அமர்வுகள் வேண்டும். ஒன்றுதான் முடிந்திருந்தது. செலீன் யோசித்தாள். தாள்களில் பெயர் இல்லை. ஆர் எழுதியதென்று தெரியாமல் வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏறக்குறைய என்ற சொல்லைப் பல்கலைக்கழகத்தில் அவள் நன்றாகக் கற்றிருந்தாள்.

தாள்களைக் கொடுத்தாள்.

பதினைந்து பிரெஞ்சில் இருந்தன. ஒன்று ஆங்கிலம். ஒன்று தமிழ், அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நடுவர்கள் மூவரும் பத்தொன்பது வருடமாக மொன்றியலில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பிரெஞ்சில் பொன்ஜூர், மெர்சி இரண்டும் தெரியும்.

"றெஜினாவிட்டைக் குடுப்பம்" என்றார் அருமைநாதன். "அவ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலை எல்லோ வேலை."

றெஜினா பள்ளிக்கூடத்தில் வேலை செய்யவில்லை. கார்டரியில் வேலை. வேலைக்குப் போகும் தாய்தகப்பன் பகலில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே அவள் உதவியாள். கை கழுவிவிடுவது, மூக்குத் துடைப்பது, சப்பாத்து மாட்டிவிடுவது. ஆசிரியையாக வருவதற்கு ஒரு டிப்ளோமா இருக்கிறது. அது அவளிடம் இல்லை. கோவிலில் யாரோ கேட்டபோது ஒருமுறை பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் துருவவில்லை. பங்கில் அப்படி ஒரு நாகரிகம் இருந்தது. நீ என் வேலையைத் துருவாதே, நான் உன் வேலையைத் துருவ மாட்டேன்.

மறுநாள் பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கப்பட்டது. "'என் எதிர்கால அச்சம்', கட்டுரைப்போட்டி. தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு பரிசளிப்பு. புள்ளிகள்: அச்சத்துக்கு நாற்பது. மொழிவளத்துக்கு முப்பது. தீர்வுக்கு இருபது. கையெழுத்துக்குப் பத்து."

கையெழுத்துக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே புள்ளி கிடைக்கவிருந்தது. எல்லாம் றெஜினாவின் கையெழுத்து.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்களுடைய வீடு ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. கணவன் அன்டன் உணவகச் சமையலறையில் பின்னேர வேலை. றெஜினா வேலையால் வந்து, சோறு போட்டுவிட்டு, சமையலறை மேசையில் இருந்து மொழிபெயர்த்தாள். மொழிபெயர்ப்பதென்றால் பிள்ளையின் முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, சபைக்கு அனுப்புவது என்று அவள் நினைத்தாள். தொழில் அப்படி.

ஏழாம் இலக்கம், எனக்குப் பசிக்குது, எனக்குப் பசிக்குது என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. றெஜினா அதை அறிவுப் பசி ஆக்கினாள். ஒரு பக்கம் வந்தது. நாலாம் இலக்கம், தகப்பன் வேலையால் வந்து கத்தும்போது குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவதாக எழுதியிருந்தது. அது தந்தையின் உயர்ந்த எதிர்பார்ப்புகள் என்று மாறியது. தண்ணீர் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பதினோராம் தாளை எடுத்தாள். மகளின் கையெழுத்து.

"அம்மா நான் டொக்டராக வரவேண்டும் என்கிறா. அது எனக்குப் பயமில்லை, எப்படியும் நான் வரமாட்டேன். எனக்கு அம்மாவின் வேலை வேண்டும். போன கோடையில் இரண்டு கிழமை அம்மாவோடு கார்டரிக்குப் போனேன். சாப்பாட்டுக்கு முன் இருபத்திரண்டு சோடிக் கைகள் கழுவ வேண்டும். மூக்குகள் வேறு. ஒரு பையன் அழுதான். அம்மா தரையில் குந்தித் தவளை மாதிரிக் கத்தினா. பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தா. வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் படிப்பு மூன்று வருடம். படித்து முடித்தால் அம்மாவிடம் இல்லாத டிப்ளோமா என்னிடம் இருக்கும். அம்மா கோவிலில் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சொல்லுகிறா. நான் அம்மாவைப் போல வர விரும்புகிறேன் என்று தெரிந்தால் அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். அதுதான் என் பயம்."

றெஜினா இரண்டு தரம் வாசித்தாள். எழும்பிப் போய்ப் படிவத்தில் இருந்த தன் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து இருந்தாள்.

பிறகு அந்தத் தாளின் முகத்தைக் கழுவத் தொடங்கினாள்.

கார்டரி வைத்தியசாலையானது. இருபத்திரண்டு சோடிக் கைகள் இருபத்திரண்டு நோயாளிகள். மூக்கைத் துடைப்பது கண்ணீரைத் துடைப்பது. தவளையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். வைத்தியசாலையில் தவளைக்கு இடமில்லை. வெட்டினாள். டிப்ளோமாவும் பள்ளிக்கூடமும் அதோடு போயின. கடைசி வரி நன்றாக அமைந்தது: "என் அன்னையின் கனவை நனவாக்காது போய்விடுவேனோ என்பதே என் உள்ளத்தை உலுக்கும் அச்சமாகும்." உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்தவள்.

பிரியந்தி தண்ணீர் குடிக்க வந்தாள்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்." மேசையைப் பார்த்தாள். "முடிஞ்சுதோ?"

"இன்னும் ஆறு இருக்கு."

பதினேழில் ஆறு போனால் பதினொன்று. பிரியந்தி கோப்பையோடு நின்றாள்.

"பாலும் இருக்கு. குடிச்சிட்டுப் படு" என்றாள் றெஜினா.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் தாய்மார் எழுதிக்கொடுத்த அச்சங்களைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் அச்சத்தை அவையோருக்கு வணக்கம் சொல்லித் தொடங்கியிருந்தாள். முதல்நாள் தாள்கள்தான் போட்டிக்கு என்று செலீன் சொன்னபோது இரண்டு தாய்மார் அவளோடு கதைக்காமல் போனார்கள்.

இடைவேளையில் பிரியந்தி அவளிடம் வந்தாள்.

"அக்கா, ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டு சொன்னீங்கள்."

"பேர் போடேல்லைத்தானே, பிரியந்தி."

"என்ரை அம்மாதான் ட்ரான்ஸ்லேட் பண்ணுறா."

செலீனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பேனையை மூடினாள். திறந்தாள்.

"அம்மா ஏதும் கேட்டவவோ?"

"இல்லை. ஒண்டும் கேக்கேல்லை. அதுதான்."

"இந்த உணர்வையும் எழுதிப் பாரன்" என்றாள் செலீன். "உதவி செய்யும்."

பிரியந்தி அவளைப் பார்த்தாள். அன்று அவள் கொடுத்த தாள் வெறுமையாக இருந்தது. செலீன் அதையும் கோப்பில் சேர்த்தாள்.

இரண்டு கிழமை போனது. வீட்டில் படிவம் அதே கதவில், அதே பென்சிலோடு இருந்தது. றெஜினா பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. பிரியந்தி ஒன்றும் எழுதவில்லை. பாலெடுக்கக் கதவைத் திறந்தபோதெல்லாம் படிவம் ஆடியது.

பெப்ரவரி இருபத்தாறு, ஞாயிறு. பூசைக்குப் பிறகு மண்டபம் நிறைந்தது. குளிர்கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சனம் இருந்தது. பிரியந்தி தாயின் பக்கத்தில் இருந்தாள். மேடையில் அருமைநாதன் ஒலிவாங்கியைத் தட்டினார்.

"எங்கடை பிள்ளையளுக்கு இவ்வளவு அச்சம் இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு. பெருமையாக் கிடக்கு."

கைதட்டினார்கள்.

ஆறுதல் பரிசு ஏழாம் இலக்கத்துக்கு, அறிவுப் பசிக்கு. டினோஜன் போய் ஒரு பேனையை வாங்கிவந்து, அது எதற்கென்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். மூன்றாம் இடம் தந்தையின் உயர்ந்த எதிர்பார்ப்புகளுக்கு. தந்தை எழுந்து நின்று படம் எடுத்தார்.

முதலாம் இடத்தை அருமைநாதன் தானே வாசித்தார். குரல் நடுங்கியது. வெள்ளை அங்கி வந்தது, நோயாளிகளின் கண்ணீர் வந்தது. முன்வரிசையில் ஒருவர் மூக்குச் சீறினார். பிரியந்தி கவனிக்காமல்தான் இருந்தாள். ஒரு இடத்தில் தலை நிமிர்ந்தாள். இருபத்திரண்டு நோயாளிகள். டொக்டர் கனவு காண்கிற பிள்ளை ஆயிரம் நோயாளி என்று எழுதும். இருபத்திரண்டு என்று எழுதாது.

தாயைத் திரும்பிப் பார்த்தாள். றெஜினா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோராம் இலக்கம்!" என்றார் அருமைநாதன். "மேடைக்கு வாங்கோ."

ஒருவரும் வரவில்லை.

"எழும்பு" என்றாள் றெஜினா, உதடு அசையாமல்.

"அது என்ரை இல்லை."

"பதினொண்டு உன்ரைதானே."

"நம்பர் என்ரை."

அருமைநாதன் செலீனிடம் திரும்பினார். "பிள்ளை, ஆர் இந்தப் பதினொண்டு?"

"பட்டியல் யூனிவேர்சிற்றியிலை பூட்டி இருக்கு, அங்கிள். சொல்ல ஏலாது."

அவள் காப்பாற்றிய ஒரே விதி அது.

அப்போது நடுவரிசையில் யோசெப்பின் எழுந்தாள். டினோஜனின் தாய். "அண்ணை, அது எங்கடை டினோஜன்ரை!"

"நான் ஏழு, அம்மா" என்றான் டினோஜன். "எனக்குப் பேனை தந்திட்டினம்."

"நீ பொறு. நம்பரை மாறிப் போட்டிருப்பாய். அந்தப் பசி ஆற்றையோ. டொக்டருக்குப் படிக்கிற கனவு இந்த மண்டபத்திலை வேறை ஆற்றை வீட்டிலை இருக்கு?"

அது பிழையான கேள்வி. எல்லார் வீட்டிலும் இருந்தது. வலப்பக்கத்தில் ஒரு தகப்பன் எழுந்தார். அந்த வசனங்களைத் தன் மகள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். புறநகர்ப் பியர்ஃபொனிலிருந்து பனிக்குள் கார் ஓட்டி வந்தவர்; வெறுங்கையோடு திரும்ப அவருக்கு விருப்பமில்லை. பின்னால் இன்னொரு தாய் தன் மகனைப் பிடரியில் தள்ளினாள். மூன்று பிள்ளைகள் மேடைக்குக் கீழே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

றெஜினாவின் கை பிரியந்தியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. மண்டபத்தில் முழு உண்மையும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். றெஜினா ஒரு சொல் சொன்னால் கிண்ணம் வீட்டுக்கு வரும். ஆனால் வெல்லும் பிள்ளையிடம் அருமைநாதன் ஒலிவாங்கியைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லுவார். அது வழக்கம். பிரியந்தி என்ன பேசுவாள்? தவளையைப் பேசுவாள்.

றெஜினா கையை எடுத்தாள். தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நடுவர்கள் குனிந்து ஆலோசித்தார்கள். மூன்று வீட்டிலும் அச்சம் ஒன்றுதான் என்பதால் கோவிலுக்கு ஒழுங்காக வரும் குடும்பத்துக்குக் கொடுப்பதென்று முடிவானது. கிண்ணம் டினோஜனுக்கு. யோசெப்பின் அழுதாள். அருமைநாதன் ஒலிவாங்கியை நீட்டினார்.

"மெர்சி" என்றான் டினோஜன். "றோல்ஸ் எப்ப தருவினம்?"

மண்டபம் சிரித்தது. கைதட்டியது. எதிர்கால டொக்டரின் நகைச்சுவை என்று அருமைநாதன் விளக்கினார்.

வாசலில் செலீன் கடைசிக் கேள்வித்தாளைக் கொடுத்தாள். பிள்ளைகள் கோட்டைப் போட்டுக்கொண்டே நிரப்பினார்கள். சராசரி முப்பத்துமூன்று. வெளிக்காரணி என்று அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஷேர்புறூக் வீதியில் பனி உப்போடு கரைந்து கறுத்திருந்தது.

"குளிருதோ?" என்றாள் றெஜினா.

"இல்லை."

இரண்டு தரிப்பு போனது.

"அந்தக் கிண்ணம் உனக்கு வரவேண்டியது."

"உங்களுக்கு, அம்மா. நீங்கள்தானே எழுதினது."

றெஜினா கையுறையைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். "சனம் சிரிக்கும், பிள்ளை. உனக்கு விளங்காது."

"ஆரைப் பாத்து?"

"உன்னைப் பாத்துத்தான்."

"என்னைப் பாத்தோ?"

றெஜினா சன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு தாய் குழந்தை வண்டியைப் பனிக்கு மேலால் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் அவளைக் கடந்தது.

"தவளையை ஏன் எடுத்தனீங்கள்?"

"சபையிலை தவளையை எப்பிடிச் சொல்லுறது?"

"நீங்கள் சொல்ல வேண்டாம். அது நான் எழுதினது."

"சரி, சரி. ஆக்கள் பாக்கினம். மெல்லக் கதை."

பிரியந்தி மெல்லக் கதைத்தாள்.

"புதன்கிழமை கடைசி நாள், அம்மா. அந்த ஃபோமையும் நீங்களே ட்ரான்ஸ்லேட் பண்ணி அனுப்பப் போறியளோ?"